கொடி இறங்கும் வரை

காலை ஆறரை மணிக்கே குன்றின் உச்சியில் சிவப்புக் கொடி ஏறிவிட்டது. முன்னறைத் திரையை ஒரு விரல் அகலம் விலக்கி அதைப் பார்த்த ஆர்டித், இன்றைய பொழுதும் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள். கொடி ஏறினால் படப்பிடிப்பு; அது இறங்கும்வரை டில்மன் பண்ணை வீட்டிலிருந்து யாரும் வெளியே தலைகாட்டக் கூடாது. கோழிக்குத் தீனி போட முடியாது. துவைத்த துணியை உலர்த்த முடியாது. கழிப்பறை வீட்டிலிருந்து நாற்பது அடி தள்ளி இருந்தது, அங்கேயும் போக முடியாது. அதற்காகக் கட்டிலுக்கடியில் ஒரு வாளி வைத்திருந்தார்கள்.

1949 ஆகஸ்ட். மழை பெய்து நான்கு மாதம் ஆகியிருந்தது. லாஸ் ஏஞ்சலஸுக்கு வடமேற்கே, மலைகளுக்கு நடுவில் இருக்கும் அந்தப் பள்ளத்தாக்கில் புல் முழுவதும் வைக்கோலாகக் காய்ந்து கிடந்தது. வெயிலும் பாறையும் காய்ந்த புல்லும் கேமராவில் நன்றாக விழும் என்பதால் ஆகஸ்டில்தான் படக் கம்பெனியின் லாரிகள் அதிகம் வரும்.

அன்றைக்கு இன்னொரு தொல்லையும் சேர்ந்திருந்தது. முந்தின நாள் கம்பெனி ஆள் ஃபெஸ்லர் வந்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி, மிகவும் பணிவாக ஒரு காரியம் கேட்டுவிட்டுப் போயிருந்தார். மாட்டு மந்தை ஓடும் காட்சியில் தூரத்தில் இந்த வீடு தெரியும். புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தால் வீட்டில் குடித்தனம் நடப்பது போல இருக்கும். அதனால் காலையிலிருந்து அடுப்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். கதவும் ஜன்னலும் சாத்தியிருக்க வேண்டும்.

"குடித்தனம் நடக்கத்தானே செய்யுது" என்று ஆர்டித் சொன்னாள்.

ஃபெஸ்லர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டுவதற்குக்கூட ஒரு ஆள் கிடைக்கவில்லை.

ஆர்டித் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து பதினொரு வருடம் ஆகியிருந்தது. அதற்கு நான்கு வருடம் முன்பே மாமனார் க்ளெம் டில்மன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். தொடர்ந்து வந்த வறட்சியில் பாதி மாடுகள் செத்து, மீதி மாடுகள் எலும்பும் தோலுமாக நின்ற சமயம் அது. பாறைகளைப் பார்க்க வந்த கம்பெனிக்காரர்கள் வீட்டையும் பார்த்தார்கள். க்ளெம்மின் அப்பா மரத்தால் கட்டி, ஒருநாளும் வண்ணம் பூசாமல் விட்ட வீடு. எழுபது வருடத்துக்கு முந்தின காலம் அப்படியே நிற்கிறது என்று அவர்களுக்கு ஒரே சந்தோஷம். இருபது வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். குடும்பம் அங்கேயே இருக்கலாம், ஆனால் கண்ணில் படும் எதையும் மாற்றக் கூடாது. வண்ணம் பூசக் கூடாது, மரம் நடக் கூடாது, மரம் வெட்டக் கூடாது. கம்பமோ கம்பியோ எதுவும் தெரியக் கூடாது. ஆகவே ஊரெல்லாம் மின்விளக்கு வந்த பிறகும் டில்மன் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்குதான். தொலைபேசி கிடையாது.

கல்யாணமான புதிதில் சமையலறைக்கு மேற்குப் பக்கம் ஒரு ஜன்னல் வைக்கலாமா என்று ஆர்டித் கேட்டாள். க்ளெம் ஒப்பந்தத்தை எடுத்துக்காட்டி மறுத்துவிட்டார். அடுத்த வருடம் கம்பெனி பள்ளத்தாக்கின் நடுவில் ஒரு பொய் ஊரையே எழுப்பியது. மதுக்கடை, சிறைச்சாலை, வங்கி எல்லாம் முன்பக்கம் மட்டும்; பின்னால் முட்டுக்கொடுத்த கட்டைகள். அந்த ஊருக்கு ஒரு தேவாலயம் குறைந்தபோது, டில்மன் வீட்டின் பின்சுவரையே தேவாலய முகப்பாக மாற்றினார்கள். பின்கதவு பலகைகளுக்கு அடியில் போனது. அதற்குப் பிறகு வீட்டுக்கு ஒரே வாசல். குன்றுச் சரிவில் க்ளெம்மின் மனைவி ஐடாவைப் புதைத்த இடத்தில் ஒரே ஒரு கல் இருந்தது. கல்லறைத் தோட்டம் போலத் தெரிய வேண்டும் என்று அதைச் சுற்றி நாற்பது மரச் சிலுவைகளை நட்டார்கள். க்ளெம் அதற்கும் தடை சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டாயிற்று என்பார். அவரைப் பொறுத்தவரை பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ஆர்டித்தின் கணவன் ராய்ஸுக்கு இப்படி உள்ளே அடைந்து கிடப்பது தெரியாது. குதிரையில் வளர்ந்தவன், கம்பெனி அவனுக்கும் வேலை கொடுத்தது. ஒரு படத்தில் கொள்ளைக்காரன், இன்னொன்றில் ராணுவ வீரன், எல்லாவற்றிலும் குதிரையிலிருந்து விழுபவன். கொடி ஏறினால் அவன் வெளியே இருப்பான். அவளும் மாமனாரும் உள்ளே இருப்பார்கள்.

அன்றைக்கும் அப்படித்தான். அவன் விடியுமுன் ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு மந்தையோடு போய்விட்டான். நூற்றைம்பது மாடுகளை அந்தப் பொய் ஊரின் தெரு வழியாக விரட்டி, புல்வெளியைத் தாண்டி வீட்டுப் பக்கமாக ஓட்டிவர வேண்டும். ஆர்டித் அடுப்பில் ஓக் விறகை அடுக்கிக்கொண்டிருந்தாள். பச்சை இலை போட்டால் புகை அதிகம் வரும் என்று கம்பெனிப் பையன் கொண்டுவந்து போட்டிருந்த இலைக் கட்டு மூலையில் கிடந்தது. ஒன்பது மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பத்து மணிக்கு மூச்சு விடுவதே வேலையாக இருந்தது. க்ளெம் மேசையருகே உட்கார்ந்து, ஈரத் துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பழைய செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயது. மேல்பொத்தானைக்கூடக் கழற்றவில்லை.

"கதவக் கொஞ்சம் தொறக்கட்டுமா மாமா? ஒரு கை அளவு?"

"இறங்கட்டும்" என்றார். கொடியைத்தான் சொன்னார்.

இருமுறை மேகம் வந்தது, இருமுறை மாடுகள் தப்பான பக்கம் திரும்பின. ஒவ்வொரு தடவையும் மந்தையைத் திரும்பக் கொண்டுபோய் நிறுத்த முக்கால் மணி நேரம் ஆனது. திரை இடுக்கில் ஆர்டித்துக்கு எல்லாம் தெரிந்தது. பதினொன்றரை இருக்கும். விறகு எடுக்கத் திரும்பியபோது செய்தித்தாள் தரையில் விழும் சத்தம் கேட்டது. க்ளெம் நாற்காலியில் வலப்பக்கமாகச் சரிந்திருந்தார். வாயின் ஒரு பக்கம் கீழே இழுத்திருந்தது. கூப்பிட்டாள். பதிலுக்கு ஏதோ சொன்னார், ஆனால் அது சொல்லாக வரவில்லை.

அவரைத் தரையில் படுக்கவைத்து, சட்டையைத் திறந்து, முகத்தில் தண்ணீர் தெளித்தாள். அடுப்பிலும் மிச்சத் தண்ணீரைக் கொட்டினாள். பின்கதவுக்கு ஓடித் தோளால் இடித்துப் பார்த்தாள். பலகை அசையவில்லை. திரும்பி வந்து வாசலை நோக்கிப் போனபோது ஏதோ இழுத்தது. க்ளெம் இடதுகையால் அவள் பாவாடை விளிம்பைப் பிடித்திருந்தார். தலையை மெல்ல ஆட்டினார், வேண்டாம் என்று. கண் குன்று இருக்கும் திசைக்குப் போய்வந்தது. செத்தாலும் கொடி இறங்கிய பிறகுதான் என்று அவர் சொல்வது அவளுக்குப் புரிந்தது. அந்த விரல்களை அவள் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. நல்ல பலமான விரல்கள்.

கதவைத் திறந்தபோது தூரத்தில் இயக்குநரின் உதவியாளர் தகரக் குழலில் கத்துவது கேட்டது. மந்தை ஏற்கெனவே கிளம்பிவிட்டது. பொய் ஊரின் தெருவிலிருந்து தூசியோடு சேர்ந்து மாடுகள் புல்வெளிக்குள் கொட்டின. ஆர்டித் நிற்கவில்லை. படத்தில் தெரியக் கூடாது என்று வீட்டு லாரியும் கம்பெனிக் கார்களோடு பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம், கேமராவுக்குப் பின்னால் நின்றது. அங்கே போக ஒரே வழி அந்தப் புல்வெளிதான். பூப்போட்ட உடையில், ஈரக் கையோடு, அதன் குறுக்கே நடந்தாள். ஓடினால் மாடு மிரளும் என்று அவளுக்குத் தெரியும், அதனால் நடந்தாள். தரை அதிர்வது காலில் ஏறியது. பார்க்கவே கூடாது என்று முகத்தை நேராக வைத்துக்கொண்டாள்.

மந்தையின் இடப்பக்கத்தில் வந்துகொண்டிருந்த ராய்ஸ் அவளைப் பார்த்தான். காட்சியை மறந்து குதிரையை முன்னே விட்டு, முதல் மாட்டின் மூஞ்சிக்கு நேராகக் குறுக்கே பாய்ச்சினான். மந்தை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி பாறைப் பக்கம் ஓடியது, இன்னொரு பாதி வேலியை உடைத்துக்கொண்டு போனது. குதிரை முழங்கால் மடங்கி விழ, ராய்ஸ் தோளில் அடிபட்டு உருண்டான். எழுந்து, ஒட்டுத்தாடி ஒரு பக்கம் தொங்க, அவளிடம் ஓடிவந்தான்.

"ஏன் கதவத் தொறந்த?" என்று கேட்டான்.

அதுதான் அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. ஆர்டித் அவனைக் கடந்துபோய், கேமராவின் அருகில் நின்றிருந்த ஃபெஸ்லரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தன் காரிலேயே க்ளெம்மை ஏற்றி, சாண்டா பாலா மருத்துவமனைக்கு அவரே ஓட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் ஆர்டித் பின்சீட்டில் மாமனாரின் தலையை மடியில் வைத்திருந்தாள்.

க்ளெம் பிழைத்தார். வலக்கை போயிற்று, பேச்சு போயிற்று. ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தார்.

அவர் வந்த அதே வாரம் கம்பெனியிலிருந்து ஒரு கடிதமும் வந்தது. நடந்ததற்கு மிகவும் வருந்துவதாக எழுதியிருந்தார்கள். இப்படி ஒரு ஆபத்து இனி யாருக்கும் நேரக் கூடாது என்பதற்காக, படப்பிடிப்பு நாட்களில் வீட்டுக் கதவுக்கு வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட வேண்டும். உள்ளே யாருக்காவது ஏதாவது தேவையா என்று ஒரு ஆள் மணிக்கொரு தரம் வந்து விசாரிப்பான். தாழ்ப்பாளையும் கூடவே அனுப்பியிருந்தார்கள். காலத்துக்குப் பொருந்துகிற மாதிரி பழைய இரும்புத் தாழ்ப்பாள்.

அடுத்த நாள் காலை ராய்ஸ் அதைக் கதவில் முடுக்கிக்கொண்டிருந்தான். தோள் இன்னும் சரியாகாததால் இடதுகையால் திருகினான். ஆர்டித் கதவின் உட்பக்கம் நின்று பார்த்தாள்.

"ஷூட்டிங் இருக்கற அன்னிக்கு மட்டுந்தான்" என்றான் அவன், அவள் கேட்காமலே. "இன்னும் அஞ்சு வருஷம். கண்ண மூடித் தொறந்தா போயிரும்."

"தாழ்ப்பா போடுறப்ப நீ உள்ள இருப்பியா, வெளிய இருப்பியா?"

ராய்ஸ் திருகுவதை நிறுத்தினான். பிறகு மறுபடியும் திருகினான்.

ஆர்டித் உள்ளே போய் ஒரு பெட்டியில் துணிகளை வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த க்ளெம்மின் முன்னால் மண்டியிட்டு, தான் சாண்டா பாலாவிலிருக்கும் அக்கா லியோனா வீட்டுக்குப் போவதாகவும், டாக்டர் பக்கத்துத் தெருவில் இருப்பதாகவும், அவர் வர விரும்பினால் கூட்டிக்கொண்டு போவதாகவும் சொன்னாள். வர வேண்டாம் என்றால் அதுவும் சரிதான் என்றாள். க்ளெம் இடதுகையைத் தூக்கிச் சுவரில் ஆணியில் தொங்கிய தன் தொப்பியைக் காட்டினார்.

பண்ணையின் பழைய லாரியில் அவரைத் தூக்கி உட்காரவைக்க ராய்ஸும் கை கொடுத்தான். போகாதே என்று அவன் சொல்லவில்லை. தொப்பியைச் சரிசெய்து அப்பாவின் தலையில் வைத்தான். ஆர்டித் வண்டியை வாயிற்கதவுக்கு வெளியே ஓட்டிச் சாலைக்குக் கொண்டுவந்தாள். விட்டு வந்துவிட்டோம் என்ற நிம்மதி வருமென்று எதிர்பார்த்தாள், ஆனால் யாரோ கூப்பிட்டு நிறுத்தப்போகிறார்கள் என்ற எண்ணம்தான் பதினைந்து மைல் தூரமும் முதுகில் உட்கார்ந்திருந்தது.

சாண்டா பாலாவில் எலுமிச்சைப் பழம் தரம்பிரிக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. அக்கா வீட்டின் முன்னறையை அவளுக்கும் பின்னறையை க்ளெம்முக்கும் கொடுத்தார்கள். க்ளெம் பகலெல்லாம் வேலியோரம் நாற்காலி போட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். மெல்ல மெல்ல மூன்று வார்த்தைகள் திரும்பி வந்தன. ஆமா, இல்ல, காப்பி. போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அவற்றில் ஒன்றைப் பரிசளிப்பார். தபால்காரருக்குக் 'காப்பி' என்பார். பண்ணை வீட்டில் அவரை அவ்வளவு பேச்சுக்காரராக யாரும் பார்த்ததில்லை என்று ஆர்டித் அக்காவிடம் சொல்லிச் சிரித்தாள், பிறகு அழுதாள்.

ராய்ஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். முட்டை கொண்டுவருவான், அப்பாவுக்குச் சவரம் செய்துவிடுவான், மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவான், போவான். ஒருமுறை தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டதாகச் சொன்னான்.

"யார் கழட்டினது? நீயா?"

"கம்பெனி. உள்ளதான் யாரும் இல்லையே, இனிமே எதுக்குன்னாங்க."

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

1951 மார்ச்சில், ஒரு காலை, க்ளெம் நாற்காலியிலேயே போய்விட்டார். ஐடாவின் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ராய்ஸ் கம்பெனியிடம் கேட்டான். அந்த வாரம் முழுக்கப் படப்பிடிப்பு, அதுவும் அதே கல்லறைச் சரிவில்தான், சனிக்கிழமை என்றால் நல்லது என்று ஃபெஸ்லர் சொல்லியனுப்பினார். ராய்ஸ் அதை ஆர்டித்திடம் வந்து சொன்னான். கம்பெனி சொன்ன சனிக்கிழமைக்கே அவன் ஒத்துக்கொள்வான், தான் அன்று போகாமல் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பூ வைத்துவிட்டு வரலாம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ராய்ஸ் கறுப்புக் கோட்டோடு வந்து நின்றான். "கெளம்பு" என்றான்.

சவப்பெட்டி ஏற்றிய வண்டியும், பாதிரியாரும், அக்கா குடும்பமும், பக்கத்துப் பண்ணைக்காரர்கள் நாலைந்து பேருமாகப் பண்ணை வாயிற்கதவுக்கு வந்தபோது கொடி உச்சியில் பறந்துகொண்டிருந்தது. காவலாள் புதியவன். கொடி ஏறியிருக்கிறது, வண்டியை உள்ளே விட முடியாது என்றான். தெரிகிறது என்று சொல்லி ராய்ஸ் இறங்கி வாயிற்கதவைத் தானே திறந்தான். பதினொரு வருடப் பழக்கம் ஆர்டித்தின் உடம்பை விட்டுப் போகவில்லை. வண்டி ஒவ்வொரு அடி நகரும்போதும் இருக்கைக்குள் குனிந்து மறையத் தோன்றியது.

சரிவில் ஒரு சவ அடக்கக் காட்சியைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். முக்காடு போட்ட நடிகைகள், கையில் புத்தகத்தோடு பாதிரியார் வேடத்தில் ஒரு நடிகர், கயிற்றில் தொங்கும் காலிப் பெட்டி. நிஜ வண்டி மேலேறி வந்ததைப் பார்த்து அவர்கள் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஃபெஸ்லர் சரிவில் இறங்கி வந்தார். இரண்டு வருடத்தில் தலை நன்றாக நரைத்திருந்தது.

"ராய்ஸ், ஒரே ஒரு ஷாட். ஒரு மணி நேரம் குடுங்க. அப்புறம் இடத்தையே உங்களுக்கு விட்டுடறோம். கையெழுத்து போட்டது உங்கப்பாதான், நான் இல்ல."

"எங்கப்பா உங்களுக்காகப் பதினஞ்சு வருஷம் உள்ள ஒக்காந்திருந்தாரு சார்" என்றான் ராய்ஸ். குரல் உயரவில்லை. "இன்னிக்கு நீங்க கொஞ்சம் ஒக்காருங்க."

வண்டிக்கு வழி இல்லாததால் மரச் சிலுவைகளை அவன் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பக்கத்தில் அடுக்கினான். சரியாகாத தோளை அவன் தடவிக்கொள்வதை ஆர்டித் பார்த்தாள். நான்காவது சிலுவையில் அவளும் போய்க் கை கொடுத்தாள். கேட்காமலே நடிகர்கள் இருவர் வந்து சேர்ந்துகொண்டார்கள். குழி வெட்ட நாற்பது நிமிடம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் கம்பெனி ஆட்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு வெயிலில் நின்றார்கள்.

மண் போட்டு முடிந்த பின் ராய்ஸ் அவளருகில் வந்தான்.

"அன்னிக்கு ஏன் கதவத் தொறந்தன்னு நான் கேட்டிருக்கக் கூடாது" என்றான்.

"கேட்டுட்ட."

"ஆமா."

மன்னிப்பு என்று அவன் நீட்டி முழக்கியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியாது.

ஒப்பந்தத்தை மீறியதற்காக வீட்டைக் காலி செய்யும்படி இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. ராய்ஸ் வாதாடவில்லை. இரண்டு குதிரைகளோடு சாண்டா பாலாவுக்கு வந்து, எலுமிச்சைத் தோட்டத்துக்கு லாரி ஓட்டினான். முதலில் ஒரு தனியறையில் தங்கினான். அந்தக் குளிர்காலத்தில் இருவரும் சேர்ந்து தெருமுனையில் ஒரு சின்ன வீடு பிடித்தார்கள். மீதியிருந்த மூன்று வருடமும் பண்ணை கம்பெனியிடமே இருந்தது. கெடு முடிந்ததும் அவர்கள் புதுப்பிக்கவில்லை. தொலைக்காட்சி வந்துவிட்டது, அவர்களுக்கு இப்போது நகரத்துக்குள்ளேயே கூரை போட்ட அரங்குகள் போதுமாக இருந்தன.

தொலைக்காட்சித் தொடர் எடுக்கும் வேறொரு கம்பெனி பத்து வருட ஒப்பந்தத்தோடு வந்தது. ராய்ஸ் காகிதத்தைக் கொண்டுவந்து ஆர்டித்தின் முன் வைத்துவிட்டு, நீ சொல் என்றான். அவள் மறுநாள் தனியாகப் பண்ணைக்குப் போனாள். வீட்டுக்குள் மேசையும் நாற்காலியும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். கால் மணி நேரம் இருக்கலாம் என்று நினைத்தவள் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட்டாள். இந்த வீட்டில் தனக்கு எது பிடித்திருந்தது என்று யோசித்தபோது ஒன்றும் கிடைக்கவில்லை, அது அவளுக்கு வருத்தமாகவும் இல்லை.

திரும்பிவந்து, நிலத்தை வேண்டுமானால் வாடகைக்குக் கொடுக்கலாம், வருடக்கணக்கில் கூடாது, அன்றன்றைக்கு மட்டும் என்றாள். வீட்டை என்ன செய்ய என்று ராய்ஸ் கேட்டான். பிரித்துவிடலாம் என்றாள். அவன் பிறந்த வீடு அது. ஆனாலும் அடுத்த வாரம் இரண்டு ஆட்களோடு போய்ப் பிரித்தான். நல்ல பலகைகளைப் பக்கத்துப் பண்ணைக்காரர் தன் லாயத்துக்கு வாங்கிக்கொண்டார்.

படமெடுக்க வந்த புதிய கம்பெனிக்காரர்கள் வீடு எங்கே என்று கேட்டு, மிகவும் வருந்தினார்களாம். பிறகு அட்டையில் ஒன்று செய்து நிறுத்திக்கொண்டார்கள். ராய்ஸ் அதைப் பார்த்துவிட்டு வந்து, அப்படியே நம் வீடு போலவே இருக்கிறது என்று இரவுச் சாப்பாட்டின்போது சொன்னான். ஆர்டித் அவனுக்கு இன்னொரு கரண்டி பீன்ஸ் வைத்தாள். அடுத்த நாள் அவளுக்குச் சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டியிருந்தது.